மொதல்ல ஒண்ணும் வாங்காதீங்க: சுற்றுச்சூழலுக்காக வீட்ல இருந்தே என்ன பண்ணலாம்

சுற்றுச்சூழலுக்கு நம்மால ஆனத பண்ணணும்னு தோணுன உடனே நெறைய பேர் பண்ற மொத வேலை ஷாப்பிங்தான். ஸ்டீல் ஸ்ட்ரா, மூங்கில் பிரஷ், கண்ணாடி ஜாடி செட்டு, நாலு துணிப்பைன்னு ஒரு மூட்டை வந்து வீட்ல இறங்கும், ஏற்கனவே நல்லா இருக்குற பிளாஸ்டிக் டப்பா எல்லாம் அன்னிக்கே குப்பைக்கு போயிரும். தயவு செஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. அந்த டப்பா செய்றதுக்கு ஆன எண்ணெய், கரண்ட், தண்ணி எல்லாம் எப்பவோ செலவாயிருச்சு, இனிமே அத எவ்ளோ நாள் ஒடையாம வச்சு ஓட்டுறோம்கறதுதான் நம்ம கையில இருக்கு. துணிப்பையவே எடுத்துக்கங்க, 2011ல இங்கிலாந்தோட சுற்றுச்சூழல் ஏஜென்சி ஒரு கணக்கு போட்டாங்க, பூமி சூடாகுற விஷயத்துல மட்டும் பார்த்தா ஒரு பருத்திப் பைய 131 தடவ பயன்படுத்துனாதான் மெல்லிசு பிளாஸ்டிக் பைய ஒரே ஒரு தடவ பயன்படுத்தி எறியறதுக்கு சமம்னு வந்துச்சு. அதுக்காக பிளாஸ்டிக் பை நல்லதுன்னு அர்த்தம் இல்ல, அது காத்துல பறந்து சாக்கடைய அடைக்கிறதும் மாடு திங்குறதும் அந்த 131ல வராது. ஆனா வீட்ல பத்து பை தொங்கிட்டு இருக்கும்போது பதினொண்ணாவது துணிப்பை எதுக்கு? இருக்குறதயே கிழியுற வரைக்கும் தூக்குங்க, அது எந்தப் பையா இருந்தாலும் சரி.

சரி வாங்கலன்னா எங்கேருந்து ஆரம்பிக்கிறது? ஒரு வாரம் சும்மா பாருங்க, எதயும் மாத்த வேணாம். ஒரு பழைய நோட்ட பேனாவோட சேர்த்து குப்பைத்தொட்டி பக்கத்துல வைங்க. உள்ள என்ன போகுதோ அத ஒரு வரி, ஏன் போகுதுன்னு ஒரு வரி. "கீரை பாதி கட்டு, அழுகிருச்சு", "நேத்து செஞ்சது, மிஞ்சிருச்சு", "பார்சல் கவர்", இப்படி. நான் பண்ணப்போ நாலாவது நாளே எனக்கு புரிஞ்சு போச்சு, நான் பயந்துட்டு இருந்தது பிளாஸ்டிக் கவரப் பத்தி, ஆனா நோட்டுல பாதிக்கு மேல இருந்தது சாப்பாடு. உங்க வீட்ல வேற மாதிரி இருக்கலாம், அதனாலதான் எழுதிப் பார்க்கச் சொல்றேன், அடுத்தவங்க லிஸ்ட்ட அப்படியே எடுத்துக்கிட்டா நம்ம வீட்டு பெரிய ஓட்டைய விட்டுட்டு சின்ன ஓட்டைய அடைச்சுட்டு இருப்போம்.

அதே வாரத்துல ஒரு ராத்திரி கரண்ட் மீட்டர் டெஸ்ட்டும் பண்ணிருங்க. படுக்கப் போறப்போ ஏசி, ஃபேன், லைட் எல்லாத்தயும் முடிஞ்ச வரைக்கும் ஆஃப் பண்ணிட்டு (ஃபிரிட்ஜ் மட்டும் ஓடட்டும்) மீட்டர் நம்பர எழுதி வைங்க, காலைல எந்திரிச்ச உடனே திரும்ப எழுதுங்க. நடுவுல ஓடுன யூனிட்டுதான் உங்க வீடு தூங்கும்போதும் சாப்பிடுற கரண்ட். ஃபிரிட்ஜுக்கு உண்டானத விட அது ரொம்ப ஜாஸ்தியா இருந்தா எதோ ஒண்ணு ஸ்டாண்ட்பைல உக்காந்து இழுத்துட்டு இருக்கு. இங்க ஒரு விஷயம் சொல்லணும், எல்லாரும் திட்டுறது ஃபோன் சார்ஜர பிளக்ல விட்டுட்டு போறதத்தான், ஆனா இப்போ வர்ற சின்ன சார்ஜர் சும்மா இருக்கும்போது எடுக்குறது வருஷத்துக்கு ஒரு யூனிட் பக்கம்தான் இருக்கும். டிவி கூட இருக்குற செட் டாப் பாக்ஸ், பழைய ஸ்பீக்கர் செட்டு, எப்பவும் ஆன்ல இருக்குற கம்ப்யூட்டர், இதுங்கதான் ஆளுங்க. 10 வாட் எடுக்குற ஒரு பெட்டி 24 மணி நேரமும் ஓடுனா வருஷத்துக்கு 87 யூனிட் ஆகுது. எல்லாத்தயும் ஒரே ஸ்விட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டுட்டு தூங்கும்போது ஒரு தட்டு தட்டுனா முடிஞ்சது.

இப்போ சாப்பாட்டுக்கு வர்றேன், ஏன்னா இதுதான் பெருசு. ஐநா சுற்றுச்சூழல் திட்டம் 2024ல விட்ட ரிப்போர்ட்ல 2022ல மட்டும் உலகம் முழுக்க 105 கோடி டன் சாப்பாடு வீணாப் போச்சுன்னு இருக்கு. ஹோட்டலும் கல்யாண மண்டபமும்தான் காரணம்னு நாம நெனப்போம், ஆனா அதுல 60 சதவீதம் வீடுகள்ல இருந்து. நம்ம சமையல்கட்டுல இருந்து. படிச்சப்போ எனக்கு நெஜமாவே கஷ்டமா இருந்துச்சு. ஒரு தக்காளிய எறிஞ்சா தக்காளி மட்டும் போகல, அதுக்கு பாய்ச்சுன தண்ணி, போட்ட உரம், லாரி டீசல், நம்ம ஃபிரிட்ஜ்ல அது உக்காந்திருந்த ஒரு வாரத்து கரண்ட் எல்லாம் சேர்ந்து போகுது. போன எடத்துலயும் சும்மா இருக்காது, குப்பை மேட்டுல அடியில காத்து இல்லாம அமுங்கி அழுகும்போது மீத்தேன் வரும், அது 20 வருஷக் கணக்குல பார்த்தா கார்பன் டை ஆக்சைட விட 80 மடங்குக்கு மேல சூட்டப் பிடிச்சு வைக்கிற வாயு.

நோட்டுல எழுதுன காரணத்த பாருங்க, பெரும்பாலும் மூணுதான் வரும்: ஜாஸ்தி வாங்கிட்டோம், ஜாஸ்தி சமைச்சுட்டோம், இருக்குறதே மறந்துட்டோம். மறக்குறதுக்கு ஒரு வழி, ஃபிரிட்ஜ்ல கண்ணுக்கு நேரா இருக்குற தட்டுல ஒரு ட்ரே வைங்க, சீக்கிரம் கெட்டுப்போறது எல்லாம் அதுலதான், வீட்ல யாருக்குப் பசிச்சாலும் மொதல்ல அந்த ட்ரேல கை வைக்கணும். காய்கறிய அடி டிராயர்ல போட்டு மூடுறதாலதான் அது அங்கேயே அழுகுது. ஜாஸ்தி வாங்குறதுக்கு, கெளம்புறதுக்கு முன்னாடி ஃபிரிட்ஜ தொறந்து ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்துக்கங்க, லிஸ்ட் எழுத சோம்பேறித்தனம் பட்டாலும் இது பத்து செகண்டு வேலை. ஜாஸ்தி சமைக்கிறதுக்கு, கண் அளவு வேணாம், ஒரே கப்புல அளந்து போடுங்க, ரெண்டு வாரம் எவ்ளோ மிஞ்சுதுன்னு பார்த்து அந்த அளவ குறைங்க. அப்புறம் ஆப்பிள், வாழைப்பழம், தக்காளி இதுங்க பழுக்கும்போது எத்திலீன்னு ஒரு வாயு விடும், அது பக்கத்துல இருக்குற கீரையயும் மத்த காயயும் சீக்கிரம் வதங்க வச்சிரும், அதனால தனித்தனியா வைங்க. கீரைய கழுவி வைக்காம ஈரம் இல்லாம ஒரு துணில சுத்தி வைங்க. பாக்கெட்ல "பெஸ்ட் பிஃபோர்"னு போட்டிருந்தா அந்த தேதி வரைக்கும் ருசியும் தரமும் நல்லா இருக்கும்னு சொல்றாங்க, மறுநாளே விஷம் ஆயிரும்னு இல்ல, மோந்து பார்த்து நாக்குல வச்சுப் பார்த்து முடிவு பண்ணலாம். "யூஸ் பை"ன்னு இருந்தா அது வேற, அத மீறாதீங்க.

எவ்ளோ பார்த்து நடந்தாலும் தோலு, காம்பு, கொட்டை வரத்தான் செய்யும். அதுக்குத்தான் கம்போஸ்ட், அதாவது குப்பைய மக்க வச்சு உரமாக்குறது. நெறைய பேர் ஒரு தடவ ஆரம்பிச்சு நாத்தம் தாங்காம விட்டுர்றாங்க, நானும் மொத டப்பாவ மூணே வாரத்துல கொட்டிட்டேன், அப்புறம்தான் என்ன தப்புன்னு புரிஞ்சது. நான் வெறும் ஈரத்த மட்டுமே போட்டுட்டு இருந்திருக்கேன். கம்போஸ்ட்டுக்கு ரெண்டு சாப்பாடு வேணும், ஒண்ணு பச்சை, அதாவது காய்த்தோல், பழத்தோல், டீத்தூள், இதுல நைட்ரஜன் ஜாஸ்தி. இன்னொண்ணு காஞ்சது, சருகு, கிழிச்ச நியூஸ்பேப்பர், பளபளப்பு இல்லாத அட்டைப்பெட்டி, மரத்தூள், இதுல கார்பன் ஜாஸ்தி. ஒரு கை பச்சை போட்டா ரெண்டு கை காஞ்சது போடணும், இந்த ஒண்ண மட்டும் ஞாபகம் வச்சா போதும்.

எப்படி ஆரம்பிக்கிறதுன்னா, ஒடைஞ்ச பக்கெட்டோ பழைய பெயிண்ட் டப்பாவோ எடுத்து (பெயிண்ட நல்லா சுரண்டி கழுவிட்டு) அடியிலயும் சுத்தியும் ஓட்டை போடுங்க, காத்து போகணும். அடியில ரெண்டு மூணு இஞ்ச் உயரத்துக்கு சருகு, மேல கொஞ்சம் மண்ணோ யாராச்சும் குடுத்த பழைய கம்போஸ்ட்டோ ஒரு கை, அதுல இருக்குற நுண்ணுயிர்தான் வேலை பார்க்கப் போற ஆளுங்க. தினமும் குப்பைய சின்னதா நறுக்கிப் போட்டு மேல காஞ்சத போட்டு முழுசா மூடிருங்க, பச்சை வெளிய தெரிஞ்சா ஈ வரும், தெரியலன்னா வராது, அவ்ளோதான் ஈக்கு மருந்து. வாரத்துக்கு ஒருக்கா ஒரு குச்சியால கிளறி விடுங்க. ஈரம் சரியான்னு பார்க்க ஒரு பிடி எடுத்து அழுத்துங்க, பிழிஞ்ச ஸ்பாஞ்ச் மாதிரி கை நனையணும் ஆனா தண்ணி சொட்டக் கூடாது. அழுகுன முட்டை நாத்தம் வந்தா காத்து பத்தல, கிளறி விட்டு காஞ்சது சேருங்க. மூக்க எரிக்கிற அம்மோனியா நெடி வந்தா பச்சை ஜாஸ்தி, அதுக்கும் காஞ்சதுதான் மருந்து. ஒண்ணுமே நடக்காம அப்படியே கெடந்தா காஞ்சு போச்சு, தண்ணி தெளிங்க. கறி, மீன், எண்ணெய், பால் சம்பந்தப்பட்டது வீட்டு டப்பால வேணாம், எலி வரும். கருகருன்னு உதிரியா மழை பெஞ்ச மண் வாசத்தோட வர்றதுக்கு மூணு மாசம் ஆகலாம், குளிர்னா இன்னும் ஜாஸ்தி, பொறுமையா இருங்க. "கம்போஸ்டபிள்"னு எழுதியிருக்குற பிளாஸ்டிக் கப்பு ஸ்பூன் எல்லாம் இதுல போட்டா அப்படியே கெடக்கும், அதுல பெரும்பாலானதுக்கு 60 டிகிரி பக்கம் சூடு இருக்குற பெரிய பிளாண்ட் வேணும்.

சாப்பாட்டுலயே இன்னொண்ணு, எவ்ளோ தூரத்துல இருந்து வந்துச்சுன்னு நாம ரொம்ப யோசிக்கிறோம், ஆனா என்ன சாப்பிடுறோம்கறதுலதான் வித்தியாசம் பெருசு. 119 நாடுகள்ல 38,700 பண்ணைகளோட டேட்டாவ வச்சு 2018ல சயின்ஸ் பத்திரிகைல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல இறைச்சியிலயே மாட்டிறைச்சிக்குத்தான் சராசரியா பூமிய சூடாக்குற வாயு ஜாஸ்தி வெளியாகுது, பயறு பருப்பு வகை அதுக்கு பக்கத்துலயே வராது, அவ்ளோ கம்மி. யாரயும் முழுசா விடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அது அவங்கவங்க இஷ்டம், ஆனா வாரத்துல ரெண்டு நாள் தட்டுல பயறு வந்தா அதுவே கணக்குல தெரியும்.

கரண்ட் விஷயத்துக்கு திரும்ப வர்றேன். ஒரே ஒரு விதி வச்சுக்கங்க: சூடாக்குறதும் குளிர வைக்கிறதும்தான் கரண்ட தின்னும், மத்ததெல்லாம் கொறிக்கும். 20 லிட்டர் தண்ணிய 25 டிகிரில இருந்து 42 டிகிரிக்கு சூடாக்க ஏறக்குறைய 0.4 யூனிட் ஆகும், அதே 0.4 யூனிட்ல ஒரு 9 வாட் எல்இடி பல்பு 44 மணி நேரம் எரியும். அதனால லைட்ட ஆஃப் பண்ணலன்னு பிள்ளைங்கள திட்டுறதுக்கு முன்னாடி ஹீட்டர் எத்தன டிகிரில நிக்குதுன்னு போய் பாருங்க. குளிக்கிறதுக்கு கொதிக்கிற தண்ணி தேவையில்ல, ஆனா தண்ணிய சேர்த்து வைக்கிற டேங்க் ஹீட்டர்னா ரொம்பவும் குறைச்சு வச்சா உள்ள கிருமி வளரும், 60 டிகிரிக்கு கீழ இறக்க வேணாம், குளிக்கிற நேரத்துக்கு மட்டும் போட்டு அணைச்சா போதும். வாஷிங் மெஷினும் அப்படித்தான், சூடு தண்ணில ஓட்டும்போது ஆகுற கரண்ட்ல பெரும்பகுதி தண்ணிய சூடாக்கத்தான் போகுது, டிரம் சுத்துறதுக்கு கொஞ்சம்தான். சாதா அழுக்குக்கு பச்சத்தண்ணி போதும். இன்னும் குண்டு பல்பு எரியிற எடம் இருந்தா அத மட்டும் மாத்தலாம், எல்இடி அதுல கால்வாசி கரண்ட்தான் எடுக்கும். அடுப்புல பாத்திரத்த மூடி சமைங்க, பயற ஊற வச்சு குக்கர்ல போடுங்க. ஃபிரிட்ஜ் கதவுல ஒரு பேப்பர வச்சு மூடி இழுத்துப் பாருங்க, லேசா வந்துருச்சுன்னா ரப்பர் போச்சு, ராத்திரி பகலா குளிர் வெளிய ஓடிட்டு இருக்கு, அந்த ரப்பர் மட்டும் தனியா மாத்தலாம்.

ஏசி பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா இத யாரும் சொல்றது இல்ல. எல்லாரும் 26ல வைங்க, ஃபேன் கூட போடுங்கன்னு சொல்வாங்க, அது சரிதான், காத்து மேல பட்டா ரெண்டு மூணு டிகிரி குறைஞ்ச மாதிரி தெரியும், ஃபில்டர மாசத்துக்கு ரெண்டு தடவ கழுவுறதும் முக்கியம். ஆனா உள்ள இருக்குற கேஸ்? நெறைய மெஷின்ல இருக்குற ஆர்-410ஏ ஒரு கிலோ லீக் ஆனா, பூமிய சூடாக்குற கணக்குல அது 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா 2.3 கிலோ வரும்னு வச்சா, ஏறக்குறைய 900 லிட்டர் பெட்ரோல எரிச்ச மாதிரி. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகுற பொருளே கிடையாது, மூடுன குழாய்க்குள்ள சுத்திட்டே இருக்குறது, குறையுதுன்னா எங்கேயோ ஓட்டை. வருஷா வருஷம் வந்து "கேஸ் கம்மியாயிருச்சு, ஃபில் பண்ணிரலாம்"னு ஒரு மெக்கானிக் சொன்னத நம்பி நான் மூணு வருஷம் விட்டிருக்கேன், அது முழுக்க ஆகாசத்துக்குத்தான் போயிருக்குன்னு இப்போ நெனச்சா வருத்தமா இருக்கு. நீங்க கேக்க வேண்டியது ரெண்டே கேள்வி. ஒண்ணு, "லீக் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சு அடைச்சுட்டு அப்புறம் ஃபில் பண்ணுவீங்களா?" இன்னொண்ணு கழட்டும்போதோ வேற எடத்துக்கு மாத்தும்போதோ, "கேஸ வெளிய விடாம யூனிட்லயே இழுத்து அடைச்சு எடுப்பீங்களா?" நல்ல டெக்னீஷியனுக்கு இது தெரிஞ்ச வேலைதான். புதுசு வாங்கியே ஆகணும்னு வந்தா உள்ள என்ன கேஸ்னு கேளுங்க, ஆர்-32ன்னா அதே கணக்குல 675, ஆர்-290னா அதுல ஒரு சின்ன துளிதான்.

பிளாஸ்டிக். 1950ல இருந்து 2015 வரைக்கும் உலகத்துல குப்பையான பிளாஸ்டிக்ல ஏறக்குறைய 9 சதவீதம்தான் ரீசைக்கிள் ஆச்சுன்னு 2017ல ஒரு ஆய்வு கணக்கு போட்டுச்சு. அதனால "ரீசைக்கிள் ஆயிரும்"கற தைரியத்துல வாங்காதீங்க. பாட்டில் அடியில முக்கோணத்துக்குள்ள இருக்குற நம்பர் அது என்ன வகை பிளாஸ்டிக்னு மட்டும்தான் சொல்லுது, ரீசைக்கிள் ஆகும்னு சொல்லல. பொதுவா 1ம் 2ம் எடுத்துக்குவாங்க, மத்தது எடத்துக்கு எடம் மாறும், உங்க பக்கம் குப்பை எடுக்குறவங்க கிட்டயே கேட்டுருங்க, அவங்களுக்கு தெரியாதது இல்ல. குடுக்கும்போது கழுவி காய வச்சு குடுங்க, ஒரு எண்ணெய் டப்பா மூட்டை பேப்பரயே கெடுத்துரும். எந்தக் காரணத்துக்காகவும் பிளாஸ்டிக்க வீட்டுப் பக்கம் எரிக்காதீங்க, பிவிசி (குழாய் செய்ற பிளாஸ்டிக்) எரிஞ்சா டயாக்சின்னு ஒரு விஷம் வரும், அது நம்ம பிள்ளைங்க மூச்சுக்குள்ளதான் போகும்.

துணிக்கும் இதுதான். ஒரு பருத்தி டிஷர்ட்டுக்கு சுமார் 2,700 லிட்டர் தண்ணி ஆகுது, பாலியஸ்டர்னா துவைக்கிறப்போ எல்லாம் கண்ணுக்குத் தெரியாத நூல் உதிர்ந்து தண்ணில போகுது. ஒரு தடவ போட்டதும் தொட்டில போடாம காத்தாட தொங்க விட்டு இன்னொரு தடவ போடுங்க, மெஷின் நெறஞ்சப்புறம் ஓட்டுங்க, பட்டன் தைக்க கத்துக்கங்க.

ஃபோன், லேப்டாப் இதுல ஆகுற கேடு பெரும்பாலும் நம்ம கைக்கு வர்றதுக்கு முன்னாடியே, சுரங்கத்துலயும் ஃபேக்டரிலயும் ஆயிருது. 2022ல உலகம் முழுக்க 6.2 கோடி டன் இ-வேஸ்ட் (எலக்ட்ரானிக் குப்பை), அதுல முறையா சேர்த்து ரீசைக்கிள் பண்ணதா பதிவானது 22.3 சதவீதம்தான். ஸ்லோ ஆயிருச்சுன்னு புதுசு பார்க்குறதுக்கு முன்னாடி பேட்டரிய மாத்திப் பாருங்க, ரெண்டு வருஷம் கூட ஓடுனா அதான் பெரிய விஷயம். செத்த பேட்டரிய குப்பைத்தொட்டில போடாதீங்க, லித்தியம் பேட்டரி நசுங்குனா குப்பை வண்டியே தீப்பிடிக்கும், ஒரு டப்பால சேர்த்து வச்சு, முனைல டேப் ஒட்டி, இ-வேஸ்ட் எடுக்குறவங்க கிட்ட குடுங்க.

வண்டிக்கு நான் சொல்றது சின்னதுதான்: ஒரு வாரம் போன எடத்தயும் தூரத்தயும் எழுதுங்க, ரெண்டு கிலோமீட்டருக்குள்ள எத்தன வருதுன்னு பாருங்க, அதுல பாதிய நடந்தோ சைக்கிள்லயோ போக முடியுமான்னு பாருங்க. நிக்கும்போது பத்து செகண்டுக்கு மேல ஆகும்னு தெரிஞ்சா இன்ஜின ஆஃப் பண்ணிருங்க. டயர் காத்து மாசத்துக்கு ஒருக்காவாச்சும் செக் பண்ணுங்க. ஃபிளைட்ல அடிக்கடி போறவங்களா இருந்தா இங்க சொன்ன எல்லாத்தயும் விட ஒரு நீண்ட தூர டிரிப்ப தவிர்க்கிறது பெருசு, அத மறைச்சு சொல்ல முடியாது.

தண்ணிக்கு ஒரே டெஸ்ட், சொட்டுற குழாய்க்கு கீழ ஒரு அளவு கப்ப ஒரு மணி நேரம் வைங்க, வந்தத 24ஆல பெருக்குங்க, 365ஆல பெருக்குங்க. செகண்டுக்கு ஒரு சொட்டுன்னா வருஷத்துக்கு ஏறக்குறைய பத்தாயிரம் லிட்டர். வாஷர் மாத்துறது பத்து நிமிஷ வேலை. டாய்லெட் டேங்க்ல கொஞ்சம் கலர் பொடி போட்டுட்டு அரை மணி நேரம் ஃபிளஷ் பண்ணாம இருங்க, கீழ கலர் தெரிஞ்சா உள்ள கசியுது.

இதயெல்லாம் ஒரே நாள்ல ஆரம்பிச்சீங்கன்னா ரெண்டு வாரம்தான் தாங்கும். நோட்டுல ரொம்ப தடவ வந்தது எதுவோ அத மட்டும் மொத மாசம். அதுலயும் ஒரு தடவ பண்ணிட்டா தானா ஓடுறது (ஹீட்டர் செட்டிங், ஃபிரிட்ஜ் ரப்பர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், குழாய் வாஷர்) மொதல்ல, தினமும் மனசு வைக்க வேண்டியது அடுத்து. வீட்ல மத்தவங்கள திருத்தப் போகாதீங்க, நான் போயி சண்டைதான் வந்துச்சு. காஞ்ச குப்பைக்கு தனி பக்கெட்ட அவங்க கை போற எடத்துல வச்சேன், சொல்லாமலே போட ஆரம்பிச்சாங்க. கம்போஸ்ட் கிளறுறத சின்னவங்க கிட்ட விட்டேன், உள்ள புழு வந்திருக்கான்னு பார்க்க அவங்களே போறாங்க. மூணாவது மாசம் திரும்ப ஒரு வாரம் நோட்டு எழுதுங்க, அதே மீட்டர் டெஸ்ட்ட ஒரு ராத்திரி பண்ணுங்க, பழைய பக்கத்த பக்கத்துலயே வச்சு பாருங்க, அடுத்து எதுல கை வைக்கணும்னு அதுலயே தெரிஞ்சிரும்.